சுவர் அலங்கார அச்சோவியங்களும் மறைந்த இசை மண்டபமும்: இலண்டன் ரானலா வட்ட மண்டபத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இலண்டனின் செல்சிப் பகுதியில் 1742 முதல் 1803 வரை இயங்கிய ரானலா வட்ட மண்டபம் 1805இல் இடிக்கப்பட்டது. அதன் சுவர் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அதன் தோற்றத்தை நமக்குக் காட்டுபவை பெரும்பாலும், வீட்டுச் சுவர்களை அழகுபடுத்தும் பொருட்டு விற்கப்பட்ட செப்புத்தகட்டு அச்சோவியங்களே. அலங்காரப் பண்டமாகப் பிறந்த அச்சோவியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது எவற்றை ஏற்கலாம், எவற்றை ஐயுற வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சுவரில் இடம்பெற்றதால் மண்டபத்தின் உருவம் பரவிப் பிழைத்தது. சுவரில் ஏற்றப்பட்ட முறையால் அவ்வுருவம் தன் காலக்குறிப்பை இழந்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ரானலா, வட்ட மண்டபம், அச்சோவியம், செப்புத்தகட்டுச் செதுக்கல், கனலெட்டோ, காட்சிச் சான்று, அச்சோவிய அறை.

முன்னுரை

மறைந்துபோன கட்டடத்தை ஆராய்பவர் நாடும் சான்றுகள் பலவகைப்பட்டவை. கணக்கேடு, கடிதம், நாளிதழ் விளம்பரம், வரைபடம், ஓவியம் எனப் பட்டியல் நீளும். இவற்றுள் ஓவியமே விரைவில் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறது. எழுத்துச் சான்றை ஐயத்தோடு அணுகும் ஆய்வாளரும், படத்தைக் கண்டவுடன் கட்டடத்தையே கண்டதாக எண்ணிவிடுகிறார். நூல்களிலும் கட்டுரைகளிலும் படங்கள் சான்றாக அன்றி அணியாகவே சேர்க்கப்படுவதை நாம் காண்கிறோம். படத்தின் கீழே கட்டடத்தின் பெயர் மட்டும் இருக்கும். எவர் வரைந்தார், எவர் செதுக்கினார், எந்தத் தகட்டின் எத்தனையாவது நிலை என்பன இரா.

இச்சிக்கலைத் தெளிவாகக் காண்பதற்கு ரானலா ஏற்ற களம். காரணம், அம்மண்டபத்தைப் பற்றிய படங்கள் மிகுதி. கட்டடமோ அடியோடு இல்லை. படம் சொல்வதைச் சுவரிடம் கேட்டுச் சரிபார்க்க வழியில்லாத நிலையில், படங்களை ஒன்றோடொன்று வைத்து வினவுவதே ஒரே வழி.

மண்டபமும் அதன் காலமும்

ரானலா பிரபுவின் மாளிகையும் தோட்டமும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்சி அரச மருத்துவமனையை ஒட்டி அமைக்கப்பட்டவை. அவ்விடம் 1741இல் ஒரு பங்காளிக் குழுவின் கைக்கு வந்தது. மறு ஆண்டே பொதுமக்களுக்கான கேளிக்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தேம்சு ஆற்றின் தென்கரையில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த வாக்சால் பூங்காவுக்குப் போட்டியாகவே இது தோன்றியது. வாக்சாலின் இசை திறந்தவெளி இசை. மழை வந்தால் கூட்டம் கலையும். ரானலாவின் முதலாளிகள் இக்குறையைத் தீர்க்கக் கூரையிட்ட ஒரு பெருமண்டபத்தைக் கட்டினர்.

அதை வடிவமைத்தவர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டட அளவையாளராகவும் பொறுப்பு வகித்தவர் இவர். கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தைத் தோற்றுவித்த வில்லியம் ஜோன்ஸ் வேறு. இம்மண்டபம் திறந்து நான்காண்டுகள் கழித்தே அவர் பிறந்தார். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதும் வாய்ப்பு இருப்பதால் இதனை இங்கே சுட்ட வேண்டியதாயிற்று.

மண்டபம் வட்ட வடிவினது. உள்விட்டம் ஏறத்தாழ 150 அடி. சுற்றுச்சுவரை ஒட்டி, விருந்தினர் அமர்ந்து தேநீரும் காப்பியும் அருந்துவதற்கான சிற்றறைகள் வரிசையாக அமைந்திருந்தன. நாற்புறமும் நான்கு வாயில்கள். கூரையிலிருந்து சரவிளக்குகள் தொங்கின. நடுவில் கூரையைத் தாங்கும் தூண்களாலான அலங்கார அமைப்பு ஒன்று எழுந்தது. இசைக்குழுவை அதனுள் அமர்த்துவதே முதல் திட்டம். ஒலி எதிர்பார்த்தபடி பரவாமையால் இசைமேடை ஒரு பக்கச் சுவருக்கு மாற்றப்பட்டது. நடுவமைப்பு பின்னர்க் கணப்படுப்பாகப் பயன்பட்டது. இம்மாற்றம் நமது ஆய்வுக்கு முதன்மையானது. இசைமேடை எங்கே காட்டப்படுகிறது என்பதைக் கொண்டே ஒரு படத்தின் மூலம் முந்தையதா பிந்தையதா என்று ஓரளவு கணிக்கலாம்.

நுழைவுக் கட்டணம் பொதுவாக அரைக்கிரௌன், அதாவது இரண்டரை ஷில்லிங். வாக்சாலில் ஒரு ஷில்லிங். இந்த வேறுபாடே ரானலாவை மேட்டுக்குடியினரின் இடமாக ஆக்கிற்று. வந்தவர்கள் இசை கேட்டார்கள் என்பதைவிட, இசை ஒலிக்க மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள் என்பதே பொருந்தும். எட்டு வயதுச் சிறுவனாக இருந்த மோட்சார்ட் 1764 ஜூன் 29 அன்று இங்கே நடந்த அறக்கொடை நிகழ்ச்சியில் இசைத்தார். 1803 ஜூலையோடு கேளிக்கைகள் முடிவுற்றன. 1805இல் மாளிகையும் மண்டபமும் இடிக்கப்பட்டுப் பொருள்கள் விற்கப்பட்டன. நிலம் அரச மருத்துவமனையின் தோட்டமாயிற்று.

சுவரை நோக்கிய அச்சு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சோவியம் இருவகையாக வாங்கப்பட்டது. தொகுப்பாளர் வாங்கியவை ஏடுகளில் ஒட்டப்பட்டு நூலக அலமாரியில் உறங்கின. மற்றவை கண்ணாடிச் சட்டமிட்டோ, வெறும் பசை தடவியோ சுவரில் ஏறின. பின்னதை வணிகர்கள் அறைகலன் வகையோடு சேர்த்தே பேசினர். மேசை நாற்காலிபோல வீட்டுக்கு வேண்டிய ஒரு பொருள் என்பது அதன் கருத்து. ரானலாவின் உருவம் பெரும்பாலும் இப்பின்வகையில்தான் வெளிவந்தது.

இவற்றை வெளியிட்டவர்கள் இராபர்ட் சேயர், ஹென்றி ஓவர்ட்டன், பௌல்ஸ் குடும்பத்தார் முதலிய இலண்டன் அச்சோவிய வணிகர்கள். நகரக் காட்சிகள், அரண்மனைகள், பாலங்கள், பூங்காக்கள் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரே அளவில், வரிசையாக வெளியிடுவது இவர்களின் முறை. வண்ணமிடாத படி ஒரு ஷில்லிங், வண்ணமிட்டது இரண்டு ஷில்லிங் என்பது இத்தகைய காட்சிகளுக்கு வழக்கமான விலை. இவ்விலையை மண்டபத்தின் நுழைவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை உள்ளே செல்ல ஆகும் செலவில் மண்டபத்தின் உட்புறத்தை வண்ணத்தில் வாங்கி ஆண்டுக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கலாம். மீதியும் அரை ஷில்லிங் கிடைக்கும். ஆகவே, இப்படங்களை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் உள்ளே காலடி வைக்காதவர்கள் என்று கருதுவதற்கு இடமுண்டு. அவர்களுக்குப் படம் நினைவுப்பொருள் அன்று, நுழைவுக்கு மாற்று. மாற்றாக விற்கப்படும் படத்தில் மண்டபம் உள்ளதைவிடப் பெரிதாகவும் ஒளிமிக்கதாகவும் தோன்ற வேண்டியது வணிகத் தேவை.

இவ்வரிசைப் படங்களுக்கு மற்றொரு பயனும் இருந்தது. குவிவில்லையும் சாய்ந்த ஆடியும் கொண்ட மேசைக் கருவி ஒன்றின் வழியே பார்த்தால், தட்டையான படம் ஆழம் உடையதுபோலத் தோன்றும். இதற்கு உதவும் வகையில் தூண் வரிசைகளும் தரைக்கோடுகளும் ஒரு மறைபுள்ளியை நோக்கி விரைந்து குறுகும்படி வரையப்பட்டன. வட்ட மண்டபத்தில் நேர்கோட்டுத் தூண் வரிசை இல்லை. ஆயினும், சுற்றறைகளின் வளைவைக் கொண்டே ஆழத்தைக் காட்டச் செதுக்குநர்கள் முயன்றனர். இதனால் தொலைவில் உள்ள சுவர் மேலும் தொலைவுக்குச் சென்றுவிட்டது. இப்படங்களிலிருந்து மண்டபத்தின் அளவைக் கணக்கிட முற்படுவோர் இக்கருவியை மறந்துவிடலாகாது.

அச்சோவிய அறை

சட்டமிட்ட படத்தைவிட நமது சிக்கலுக்கு நெருக்கமானது அச்சோவிய அறை என்னும் வழக்கம். படங்களை விளிம்போடு கத்தரித்து, சாயமிட்ட தாளொட்டிய சுவரில் நேரடியாக ஒட்டி, சட்டம், நாடா, முடிச்சு ஆகியவற்றையும் அச்சிட்ட தாளிலேயே வெட்டி ஒட்டுவது இதன் முறை. ஓரேசு வால்போல் 1753இல் தமது ஸ்ட்ராபெரி ஹில் இல்லத்தின் ஓர் அறை இவ்வாறு அமைக்கப்பட்டதைக் கடிதத்தில் விவரிக்கிறார். தொடக்க காலத்தில் ரானலாவுக்கு இடைவிடாது சென்றுவந்து அதைப் பற்றிக் கடிதங்களில் எழுதியவரும் அவரே. தாமஸ் சிப்பண்டேல் போன்ற அறைகலன் வல்லுநர்கள் இத்தகைய அறைகளை அமைத்துத் தரும் பணியையும் 1760களில் மேற்கொண்டனர். அயர்லாந்தின் காசில்டவுன் மாளிகையில் லூயிசா கொனொலி சீமாட்டி அமைத்த அறை இன்றும் உள்ளது.

கத்தரி எதை வெட்டியது என்பதே கேள்வி. 1735ஆம் ஆண்டின் செதுக்கோவியச் சட்டம், ஓவியர் ஹோகார்த்தின் முயற்சியால் இயற்றப்பட்டது. அது செதுக்கோவியத்துக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பை அளித்தது. உரிமையாளரின் பெயரும் வெளியீட்டு நாளும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. 1767இல் பாதுகாப்பு 28 ஆண்டாயிற்று. இச்சட்டத்தின் பயனாகவே அக்காலத்து ஆங்கில அச்சோவியங்களின் கீழ்விளிம்பில் வரைந்தவர், செதுக்கியவர், விற்றவர், நாள் ஆகியவை ஒரே வரியில் கிடைக்கின்றன. கல்வெட்டின் ஆட்சியாண்டுக் குறிப்புக்கு இணையான மதிப்பு அவ்வரிக்கு உண்டு. சுவருக்காகக் கத்தரித்தவர் முதலில் நீக்கியது அவ்வரியைத்தான். அழகுக்கு அது இடையூறு. சட்டமிட்டவர்களும் சட்டத்தின் அளவுக்கேற்ப அதை மடித்தோ வெட்டியோ விட்டனர். இன்று பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ரானலாப் படங்களுள் விளிம்பிழந்தவற்றைக் காலங்கணிப்பது கடினமாவதற்குக் காரணம் இதுவே.

கனலெட்டோவின் பார்வை

வெனிசின் ஓவியர் கனலெட்டோ 1746 முதல் சில இடைவெளிகளோடு ஏறத்தாழ பத்தாண்டுகள் இங்கிலாந்தில் வாழ்ந்தார். ரானலாவின் உட்புறத்தை அவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துள்ளார். தாமஸ் ஹாலிசுக்காக 1754இல் தீட்டப்பட்டது இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது; சற்று முந்தையதாகக் கருதப்படும் மற்றொன்று காம்ப்டன் வெர்னி காட்சியகத்தில் உள்ளது. அவருடைய வரைவைக் கொண்டு நத்தானியேல் பார் செதுக்கிய உட்புறக் காட்சி 1751இல் வெளிவந்தது. மறு ஆண்டு, வாய்க்காலும் சீனப் பாணி மண்டபமும் முகமூடி விழாக் கூட்டமும் சேர்ந்த வெளிப்புறக் காட்சியைச் சார்லஸ் கிரிக்னியன் செதுக்கினார்.

கனலெட்டோ துல்லியத்துக்குப் பெயர்பெற்றவர். அப்பெயரே ஆய்வாளரை மயக்கவும் செய்கிறது. மண்டபத்தின் ஒரு விளிம்பில் நிற்பவர், தலையைத் திருப்பாமல் அவ்வளவு அகலத்தைக் காண இயலாது. அவர் பல பார்வைகளை ஒரே காட்சியாக இணைத்திருக்கிறார்; வெனிசுச் சதுக்கங்களை வரைந்தபோது அவர் கையாண்ட முறையும் இதுவே. மாந்தரைச் சிற்றுருவாக வைத்ததால் கூரை மேலும் உயர்கிறது. இவை குறைகள் அல்ல. ஆனால் அளவைப்படத்தின் இயல்பு வேறு, காட்சிப்படத்தின் இயல்பு வேறு. நடுவமைப்பு, இசைமேடை, சிற்றறைகள், சரவிளக்குகள் ஆகியவற்றின் இருப்பையும் ஒன்றுக்கொன்றான உறவையும் இவ்வோவியத்திலிருந்து கொள்ளலாம். இடைவெளியை அடிக்கணக்கில் கொள்ளலாகாது.

இடவலத் தலைகீழ்

ரானலாப் படங்களில் பெரிதும் கவனிக்கப்படாத சிக்கல் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறுவதாகும். தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறிப் பதியும். மூல வரைவை ஆடியில் பார்த்துச் செதுக்கினால் மட்டுமே படம் நேராக வரும். இலண்டன் அச்சோவியத்தைப் பாரிசிலோ ஆக்ஸ்பர்க்கிலோ படியெடுத்தவர்கள் பெரும்பாலும் இம்முயற்சியை மேற்கொள்ளவில்லை. அச்சைப் பார்த்தபடியே செதுக்கினர். எனவே அவர்களுடைய காட்சிகள் தலைமாறின. ஒரு தேவாலயத்தையோ தெருவையோ காட்டும் படத்தில் இப்பிழையை நிலப்படத்தோடு ஒப்பிட்டு உடனே காணலாம். வட்ட மண்டபத்தில் அது இயலாது. நான்கு வாயில்களும் ஒத்தவை, சிற்றறைகளும் ஒத்தவை. இசைமேடை ஒன்றே சமச்சீரைக் குலைக்கிறது. அதுவே இடம்மாறிவிட்டால் அதைத் திருத்தக் கட்டடத்தில் வேறு குறி இல்லை.

குறி மாந்தரிடம் இருக்கிறது. ஆடவர் வாளை இடப்பக்கம் அணிவது அக்கால வழக்கு. வயலின் கலைஞர் வில்லை வலக்கையில் பிடிப்பார். ஒரு படத்தில் பெரும்பாலான ஆடவரின் வாள் வலப்பக்கம் தொங்கினால், அல்லது இசைக்குழு முழுவதும் இடக்கையால் வில் இழுத்தால், காட்சி தலைமாறியது என்று முடிவு செய்யலாம். கட்டடத்தைப் பற்றிய வினாவுக்குக் கட்டடத்தில் உள்ள எதுவும் விடை தராதபோது, இடத்தை நிரப்ப வரையப்பட்ட சிற்றுருவங்கள் விடை தருகின்றன. உருப்பெருக்கியோடு உட்காரும் பொறுமை மட்டும் வேண்டும்.

தகட்டின் நீண்ட ஆயுள்

செப்புத்தகடு வணிகரின் முதலீடு. அதைச் செதுக்குவதற்கு ஆன செலவு பெரிது. அடுத்தடுத்துப் படியெடுக்க ஆவதோ தாளும் மையும் கூலியும்தான். ஆகவே தகடுகள் கைமாறிக் கைமாறி நெடுங்காலம் உழைத்தன. இராபர்ட் சேயரின் சரக்கு 1794இல் லாரி - விட்டில் நிறுவனத்துக்குப் போயிற்று; நூற்றாண்டின் நடுவில் செதுக்கப்பட்ட காட்சித் தகடுகள் பலவற்றை அவர்கள் புதிய முகவரியோடும் புதிய நாளோடும் மீண்டும் வெளியிட்டனர். படத்தின் அடியில் 1794 என்று இருப்பதைக் கொண்டு, அது 1794ஆம் ஆண்டின் தோற்றம் என்று கொள்வது எவ்வளவு பெரிய தவறாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுக்கு முந்தைய மண்டபமே அதில் உள்ளது. சிலபோது தேய்ந்த கோடுகளை மீண்டும் ஆழப்படுத்தும்போது மாந்தரின் உடையையும் கூந்தல் அலங்காரத்தையும் நாகரிகத்துக்கேற்ப மாற்றுவர். அப்போது பழைய மண்டபத்தில் புதிய மாந்தர் நடப்பர். காலக்கணிப்பு இருமடங்கு சிக்கலாகும்.

இதற்குத் தாள் துணை செய்யும். அச்சுக் கம்பிகளின் வரித்தடம் தெரியும் தாள் நூற்றாண்டு முழுதும் வழங்கியது. வரித்தடமற்ற வழவழப்பான தாள் 1750களின் பிற்பகுதியில் தோன்றினாலும் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாயிற்று. 1794 முதல் ஆங்கிலத் தாள் ஆலைகள் நீர்க்குறியில் ஆண்டையும் சேர்க்கத் தொடங்கின. விளிம்பெழுத்து வெட்டுண்ட படத்தையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிலபோது ஆண்டு கிடைத்துவிடும். சுவரில் ஒட்டிய படத்துக்கு இவ்வாய்ப்பும் இல்லை.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல் போதும். வண்ணமிட்டவர்கள் கடையிலிருந்து கூலிக்கு வேலை செய்தவர்கள். மண்டபத்தைப் பார்த்து வண்ணமிடவில்லை. அதற்கு மேலாக, வெறுமையாக எஞ்சிய பழம்படிகளுக்குப் பிற்கால விற்பனையாளர்களும் வண்ணமேற்றியுள்ளனர். மண்டபத்தின் உட்சுவர் எந்நிறத்தது என்னும் கேள்விக்கு அச்சோவியத்தை அழைப்பது வீண்.

இடிபாட்டுக்குப் பின்

மண்டபம் மறைந்த பின்னரும் அதன் உருவம் உழைத்துக்கொண்டே இருந்தது. 1870களில் வெளிவந்த பழைய, புதிய இலண்டன் என்னும் பல தொகுதி நூலில் இக்காட்சிகள் மரச்செதுக்குகளாக இடம்பெற்றன. வார்விக் ரோத் 1896இல் வெளியிட்ட இலண்டன் கேளிக்கைப் பூங்காக்கள் பற்றிய நூல் அச்சோவியங்களை முறையாகப் பட்டியலிட்டது. ரானலாவைப் பொறுத்தவரை, கட்டட வரலாற்றுக்கு இணையாக அச்சோவிய வரலாற்றையும் மதித்த முதன்மையான முயற்சி அதுவே எனலாம். பிற்காலப் பொதுநூல்கள் பல அவருடைய படங்களை எடுத்துக்கொண்டன, பட்டியலை விட்டுவிட்டன.

இன்று கனலெட்டோவின் காட்சி சுவரொட்டியாகவும் துணியச்சாகவும் விற்கப்படுகிறது. வாங்குபவரின் சுவருக்கேற்ப எந்த அளவிலும் கிடைக்கும். பக்கங்களை நறுக்கிய படிகளும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கத்தரி விளிம்பெழுத்தை நீக்கிற்று. இன்றைய நறுக்கல் இசைமேடையையே நீக்கிவிடக்கூடும். எனினும் முன்னைய அழிவு மூலத்துக்கு நேர்ந்தது, பின்னையது படிக்கு மட்டுமே நேர்வது என்னும் வேறுபாட்டை மறக்கலாகாது. மூலங்களின் மின்படிகளை அருங்காட்சியகங்கள் தாமே வெளியிடும் காலத்தில், அலங்காரப் படியை ஆய்வுக்கட்டுரையில் எடுத்தாள்வதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவுமில்லை.

மண்டபத்தின் பொருள்களுள் அதன் ஆர்கன் மட்டும் விற்பனைக்குப் பின் தேவாலயம் ஒன்றுக்குச் சென்றது. மோட்சார்ட் ஆர்கனும் ஹார்ப்சிகார்டும் இசைப்பார் என்று 1764இல் விளம்பரம் செய்யப்பட்டதை நோக்க, படங்களில் இசைமேடையின் பின்னே எழுந்து நிற்கும் ஆர்கன் வெறும் அணிகலன் அன்று என்பது புலனாகும். எழுத்துச் சான்றும் படமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இத்தகைய இடங்களே நாம் தேட வேண்டியவை.

தமிழகக் காட்சிப்படங்களுக்கு இம்முறை

இவ்வினாக்கள் தமிழக வரலாற்று ஆய்வுக்குப் புறம்பானவை அல்ல. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து வரைந்தவை, 1795 முதல் 1808 வரை இலண்டனில் 144 வண்ண அச்சோவியங்களாக வெளிவந்த தொகுதியில் இடம்பெற்றன. மதுரை அரண்மனையின் சிதைவுகளைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. திருமலை நாயக்கர் அரண்மனையின் பெரும்பகுதி இன்று இல்லாத நிலையில், அப்படம் நூல்களில் அடிக்கடி சான்றாகிறது. அரண்மனையின் ஒரு பகுதி இன்றும் நிற்பதால், படத்தின் தூண் உயரத்தையும் வளைவுகளின் விகிதத்தையும் நேரில் அளந்து ஒப்பிட முடியும். ரானலா ஆய்வாளருக்குக் கிட்டாத வாய்ப்பு இது. எஞ்சிய பகுதியில் டேனியல்கள் எவ்வளவு மிகைப்படுத்தினர் என்று கண்டால், மறைந்த பகுதிக்கும் அவ்விகிதத்தைக் கருதுகோளாகக் கொள்ளலாம்.

அதே காட்சிகளின் சிறிய பதிப்பு 1812 முதல் 1816 வரை வெளிவந்தது. பெரிய பதிப்பின் தாள்களோடு விளக்கவுரை தனி நூலாகத் தரப்பட்டிருந்தது. தொகுதிகள் பிரிக்கப்பட்டுத் தாள் தாளாகச் சட்டமிட்டு விற்கப்பட்டபோது, உரை வேறாகவும் படம் வேறாகவும் போயின. வீடுகளிலும் விடுதிகளிலும் இன்று தொங்கும் மதுரைக் காட்சிகள் இரு பதிப்புகளுள் எதனைச் சேர்ந்தவை, அல்லது பிற்கால ஒளிப்படிகளா என்பதை அளவுகோலும் உருப்பெருக்கியும் கொண்டு இனிமேல்தான் கணக்கெடுக்க வேண்டும்.